மாதர் சங்கமா? மாவிளக்குச் சங்கமா?

சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கின்றதென்பது தமிழ்நாட்டில் அனேகமாய் எல்லோருக்கும் தெரியும். ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டி வழியாய் நாலைந்து மைல் போனால் அதன் வாசலுக்குப் போய்ச் சேரலாம். அந்த ஆஸ்பத்திரியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் "டபிள்யூ.ஐ.ஏ." என்று மூன்று எழுத்துக்கள் போட்டிருக்கும். அது என்னவென்று நூறு பேரைக் கேட்டால் ஐந்து பேர்கூடச் சொல்லமாட்டார்கள். ஏதோ வைத்தியப் பட்டமாயிருக்குமென்றும், பணங்கொடுத்த சீமானின் பெயராயிருக்குமென்றும் நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பட்டமுமல்ல, சீமானுமல்ல. "விமன்ஸ் இண்டியன் அசோசியேஷன்", அதாவது இந்திய மாதர் சங்கம் என்பதன் முதலெழுத்துக்களேயாகும். ஒரு மாதர் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரிதான் அது.

இதை இப்போது எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமென்னவென்றால், இன்றைக்கு ஆதம்பாக்கம் போன்ற இடங்களில் "மாதர் சங்கம்" என்ற வார்த்தையைச் சொன்னவுடன் ஜனங்களின் மனதில் தோன்றுவது வேறொன்றாயிருக்கிறது. வெள்ளிக்கிழமை திருவிளக்குப் பூஜை, ஆடி மாதம் மாவிளக்கு, மார்கழியில் கோலப் போட்டி, நவராத்திரியில் கொலுவுக்குப் பரிசு, நடுவில் ஒரு நாள் சமையல் போட்டி, இவ்வளவுதான். இவைகளையெல்லாம் நடத்தி, பட்டுப்புடவையோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டால் சங்கத்தின் வருஷ வேலை முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட சங்கத்திற்குப் புருஷர்களும் ஆட்சேபணை சொல்லுவதில்லை. ஏன் சொல்லுவார்கள்? வீட்டில் செய்துகொண்டிருந்த சமையலையும் பூஜையையும் தெருவில் கொண்டுவந்து செய்வதற்கு எந்தப் புருஷனாவது ஆட்சேபணை சொல்லுவானா? ஆனால் அதே சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, "எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஏன் வடியவில்லை? வடிகால் வெட்டிய காண்டிராக்டர் யார்? அவருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அன்றைக்குத்தான் "பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி பிறக்கும்.

இந்தக் கேள்விக்கு வயது நூற்றுக்கு மேலாகிறது. அடையாற்றுச் சங்கம் 1917-ஆம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி ஆரம்பிக்கப்பட்ட காலத்திலேயே இது கேட்கப்பட்டதுதான். அதற்கு முன்னமே அடையாற்றில் "தமிழ் மாதர் சங்கம்" என்று ஒரு சிறு சங்கம் இருந்து வந்தது. பக்கத்துப் பெண்கள் கூடிப் படிக்கவும், தைக்கவும், பேசவும் ஏற்பட்ட சங்கம். அதிலிருந்துதான் பெரிய சங்கம் கிளம்பிற்று. டாரதி ஜினராஜதாசா என்ற ஆங்கில மாதும், மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் மாதும் அதை ஏற்படுத்துவதில் முன்னின்றார்கள். அன்னி பெசண்டு அம்மையார் முதல் தலைவர்.

"பார்த்தீர்களா, வெள்ளைக்காரிகள் கொண்டுவந்த சரக்கு!" என்று வைதிகர்கள் அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்லுகிறார்கள். இந்தப் புத்திமான்கள் போகிற ரயிலும், ஏறுகிற கோர்ட்டும், வாங்குகிற பென்ஷனும் எந்த ரிஷி கொண்டுவந்த சரக்கு என்று நாம் கேட்கிறோம். தங்களுக்கு உபயோகமானது எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளுவார்கள். பெண்களுக்கு உபயோகமானது மட்டும் உள்நாட்டிலேயே, அதுவும் வேதகாலத்திலேயே விளைந்திருக்க வேண்டுமாம். அன்றியும், கசின்ஸ் அம்மையார் இங்கே எஜமானியாக வந்தவருமல்ல. பெண்களுக்கு ஓட்டுக் கேட்டதற்காக லண்டனிலும் அயர்லாந்திலும் ஜெயிலுக்குப் போய்விட்டு, 1915-இல் இந்தியாவுக்கு வந்தவர். பிறகு 1932-இல் இந்திய சர்க்காரின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர் ஜெயிலையும் பார்த்தவர்.

சங்கம் ஏற்பட்டு ஏழு மாதம்தான் ஆயிற்று. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சீர்திருத்தம் வரப்போகிறது, யாராருக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள் என்று ஒவ்வொரு ஜாதியாரும், மதத்தாரும், ஜமீன்தார்களும், வியாபாரிகளும் வரிசையாய் நின்று மகஜர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் சரோஜினி நாயுடு அம்மையாரைத் தலைவராகக் கொண்டு பெண்களும் போய் நின்றார்கள். புருஷர்களுக்கு என்ன யோக்கியதையின் மேல் ஓட்டுக் கொடுக்கிறீர்களோ அதே யோக்கியதையின் மேல் பெண்களுக்கும் கொடுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. அதற்குக் கிடைத்த பதில் என்ன? மறு வருஷம் வெளியான அறிக்கையில் பெண்களுக்கு ஓட்டு என்கின்ற பேச்சே இல்லை. அடுத்து வந்த சவுத்பரோ கமிட்டியோ, இந்த நாட்டுப் பெண்கள் இருக்கிற நிலைமையில் காலம் இன்னும் வரவில்லை என்று கையை விரித்துவிட்டது. கடைசியாக 1919-ஆம் வருஷச் சட்டத்தில், அந்தந்த மாகாணச் சட்டசபை இஷ்டப்பட்டால் கொடுத்துக்கொள்ளலாமென்று தள்ளிவிட்டார்கள்.

மாகாணச் சட்டசபையோ முழுவதும் ஆண்கள் நிறைந்தது. ஆகையால் கதை அத்துடன் முடிந்ததென்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் சென்னைச் சட்டசபை, ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை நடந்துகொண்டிருந்த 1921 ஏப்ரலில், பெண்களுக்கு ஓட்டுண்டு என்று தீர்மானித்துவிட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதன்முதல் அப்படிச் செய்தது சென்னைதான். பம்பாய் அதற்குப் பின்னால் வந்தது. இதற்கு அடையாற்றுப் பெண்களின் விடாமுயற்சி ஒரு காரணமென்பதை யாரும் மறுக்க முடியாது.

நிற்க. அந்த ஓட்டு யாருக்குக் கிடைத்ததென்பதைச் சற்று யோசிக்க வேண்டும். சொத்து இருக்கிறவர்களுக்கும் வரி கொடுக்கிறவர்களுக்குமே அப்போது ஓட்டு. பெண்களில் எத்தனை பேர் பெயரில் சொத்து இருந்தது? தகப்பன் சொத்து அண்ணன் தம்பிக்கு, புருஷன் சொத்து பிள்ளைக்கு, இடையில் பெண்ணுக்குக் கழுத்தில் உள்ளதும் காதில் உள்ளதும்தான். அதுவும் புருஷனுக்குக் கஷ்டம் வந்தால் அடகுக் கடைக்குப் போய்விடும். ஆகவே ஓட்டுரிமை என்ற கதவைத் திறந்துவிட்டு, சொத்துரிமை என்ற படிக்கட்டை இடித்து வைத்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கிறது, ஏறிப் போகத்தான் வழியில்லை.

இந்தப் படிக்கட்டைப் பற்றிப் பேசியது அடையாற்றுக்குத் தெற்கே. ஆதம்பாக்கம் அடங்கியிருந்த அதே ஜில்லாவின் செங்கற்பட்டு நகரில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சமமான சொத்துரிமையும் வார்சு பாத்தியதையும் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். இந்தியா முழுவதற்கும் சட்டமானது 2005-இல். சிரித்தவர்களின் பேத்திகள் இன்று ரிஜிஸ்திரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பங்கு வாங்குகிறார்கள். வாங்கட்டும், நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் "கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்கலாமா, பாசம் போய்விடுமே" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் அதே ஆபீசில்தான் நடக்கிறது. பாசம் ஒரு பக்கமாகத்தான் போகுமா? தங்கைக்குப் பங்கு கொடுக்காத அண்ணனுடைய பாசம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டதுண்டா?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951-52 பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் ஜாபிதா தயாரித்தபோது, பெரும்பாலும் வடநாட்டு மாகாணங்களில், சுமார் 28 லட்சம் பெண்களை ஜாபிதாவிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. என்ன குற்றம் செய்தார்கள்? தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய மகள் என்றுதான் சொன்னார்கள். சர்க்கார் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, உன் பெயரென்ன?" என்று கேட்கிறது. அவளோ தனக்கென்று ஒரு பெயர் உண்டென்பதை அந்நியனிடம் சொல்லலாகாதென்று பழக்கப்பட்டிருக்கிறாள். பதிவிரதா தர்மத்தின் மகிமை 28 லட்சம் ஓட்டு!

இனி முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் அடையாற்றுச் சங்கத்தின் சரித்திரம் பூர்த்தியாகாது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். அவருடைய தாயார் தேவதாசிக் குலமென்று சொல்லப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். ஆகவே புதுக்கோட்டைக் கலாசாலையில் இந்தப் பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்களென்று கூச்சல் போட்டார்கள். மகாராஜா சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். பையன்கள் கெட்டுப்போனதாகத் தகவலில்லை. அம்மையார் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மாதர் சங்கத்தார் வற்புறுத்தியதன் பேரில் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் உப தலைவராகவும் ஆனார்.

சட்டசபைக்குப் போய் அவர் முதன்மையாய்க் கையிலெடுத்த வேலை, கோவில்களில் சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிப்பது. கடவுளுக்குக் கலியாணம் செய்து வைக்கிறோமென்று பேர் பண்ணி, ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வைப்பாக்குகிற இந்த வியாபாரத்தை நிறுத்தலாமென்றால், சாஸ்திரம் போச்சு, சங்கீதம் போச்சு, பரதம் போச்சு என்று புறப்பட்டுவிட்டார்கள். எதிர்த்தவர்கள் படிக்காத பாமரர்களல்ல. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியத் தலைவர்களே எதிர்த்தார்கள். தேசத்திற்குச் சுதந்திரம் வேண்டும், தேவதாசிக்கு வேண்டாம்! முதலில், பொட்டுக் கட்டிக்கொண்ட பெண்கள் அனுபவித்து வந்த மானிய நிலத்தைக் கோவில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929-இல் வந்தது. இதன் அருமை பலருக்குத் தெரியாது. நிலம் ஊழியத்தோடு கட்டுண்டிருந்த வரையில், ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி போய்விடும். கட்டை அவிழ்த்த பிறகுதான் அந்தத் தாய் வேண்டாமென்று சொல்ல முடிந்தது. நியாயம் பேசுகிறவர்கள் பலர் உண்டு. சோற்றுக்கு வழி செய்துவிட்டு நியாயம் பேசுகிறவர்கள் சிலர்தான்.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். அது சட்டமானது 1947-இல். பதினேழு வருஷம்! மசோதா வந்த அன்று பிறந்த குழந்தை, சட்டம் வருவதற்குள் பொட்டுக் கட்டப்பட்டு, தானும் தாயாகியிருக்கலாம். இந்தப் பதினேழு வருஷமும் வெளியில் நின்று அந்த வேலையைச் செய்தவர்களில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை மறக்க முடியாது. தாசிகளின் வீட்டிலேயே வளர்ந்து, அவர்களுடைய பாஷையிலேயே மேடைமேல் பேசி, 1936-இல் அதையே ஒரு நாவலாகவும் எழுதியவர். முத்துலட்சுமி அம்மையாருக்குச் சட்டசபையில் கிடைத்த எதிர்ப்பு வார்த்தையால் ஆனது. இராமாமிர்தம் அம்மையாருக்குக் கிராமங்களில் கிடைத்தது வார்த்தையோடு நிற்கவில்லை.

விடுதிகளில் இடங்கிடைக்காமல் தன்னைத் தேடிவந்த அந்தக் குலத்துப் பெண்கள் சிலருக்கு முத்துலட்சுமி அம்மையார் தன் வீட்டிலேயே இடங்கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாயிற்று. பார்ப்பன விடுதியிலும் இடமில்லை, பார்ப்பனரல்லாதார் விடுதியிலும் இடமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம்மவர்களும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள்தான்.

இவ்வளவும் சொன்னதால் அடையாற்றுச் சங்கத்தில் குற்றமே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 1918 முதல் அந்தச் சங்கம் நடத்திய பத்திரிகைக்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்திரீ தர்மம்". ஸ்திரீகளை இத்தனை காலம் அமுக்கி வைத்த மூட்டைக்கு எழுதியிருந்த பெயரே அதுதானே! திருடனைப் பிடிக்கப் போகிறவன் திருடனுடைய சட்டையை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? பழைய பெயரில் புதிய சரக்கைக் கொடுத்தால் ஜனங்கள் பயப்படமாட்டார்கள் என்று எண்ணியிருக்கலாம். தந்திரம்தான். ஆனால் பெயரைக் காப்பாற்றினால் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மூட்டையும் வந்து சேரும். பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கொஞ்சம் கொஞ்சம் வந்தாலும் பெரும்பகுதி இங்கிலீஷ். "தமிழ் மாதர் சங்கம்" என்று ஆரம்பித்த இடத்திலிருந்து வந்த பத்திரிகையைத் தமிழ் மாதர் படிக்க முடியாமற் போயிற்று. பரங்கிமலைக்குக் கீழே கல்லுடைத்த பெண்ணும், ஆதம்பாக்கத்து ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்ணும் அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் "இந்திய மாதர்" என்ற இரண்டு வார்த்தைக்குள் இருந்தார்களேயொழிய, கூட்டத்து நாற்காலியில் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்து மற்ற மாதர் ஸ்தாபனங்களும் இதற்கு விலக்கல்ல. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் பால்ய விதவைகளைப் படிக்க வைத்தது மிகவும் பெரிய காரியம். தானே சிறு வயதில் விதவையாகி, 1911-இல் பட்டம் பெற்று, மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்களை உபாத்தியாயினிகளாக்கிய அந்த அம்மையாரிடம் நமக்கு மரியாதை உண்டு. எதிரேயிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளிக்கூடம் வைத்தார். ஆனால் அந்த விதவை விடுதி பார்ப்பன விதவைகளுக்கு மாத்திரம். சர்க்கார் பணம் எல்லா ஜாதியாரின் வரிப்பணம். விதவைத்தனமும் எல்லா ஜாதியிலும் உண்டு. கதவு மட்டும் ஒரு ஜாதிக்கு. இது அந்த அம்மையாரின் குற்றத்தைவிட அந்தக் காலத்து அதிகாரிகளின் குற்றமும், மடி ஆசாரத்தின் குற்றமும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். வெளியே நின்ற விதவைக்கு அந்த வித்தியாசத்தால் லாபமென்ன?

இந்தக் குற்றங்களையெல்லாம் வைத்துக்கொண்டும் அடையாற்றுச் சங்கம் ஏன் நிலைத்ததென்றால், பேச்சோடு நிற்காமல் கைக்கெட்டும் காரியம் செய்ததால்தான். முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அன்று முதல் அவர் மனதில் அது கிடந்தது. மாதர் சங்கத்தின் பெயரால் புற்றுநோய் நிவாரண நிதி வசூலித்து, 1952-இல் நேருவைக் கொண்டு அஸ்திவாரக்கல் போட்டு, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021-இல் இறக்கும் வரையில் அங்கேயே இருந்தார். பன்னிரண்டு படுக்கையிலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரிக்குத்தான் இன்று பல ராஜ்யங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து நிற்கிறார்கள். இத்தனைக்கும் விளக்குப் பூஜை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

ஆதம்பாக்கத்துக்கு வருவோம். இந்த ஊர் ஆலந்தூர் முனிசிபாலிட்டியோடு இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2018-இல் சென்னை ஜில்லாவுக்குள்ளும் வந்துவிட்டது. ஆலந்தூர் முனிசிபாலிட்டியில் 1996-க்குப் பிறகு பாதாளச் சாக்கடை போட்ட விதம் வெளிநாட்டாரும் வந்து படித்துவிட்டுப் போன விஷயம். சர்க்கார் கொடுக்கட்டுமென்று உட்கார்ந்திராமல், ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வீதம் ஜனங்களே முன்பணமாய்க் கட்டினார்கள். செப்டிக் டாங்கி பொங்கி வழிந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுகிற ஆணைவிட, பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்கல்லவா அந்த 5,000 ரூபாயின் அருமை தெரியும்? ஆகவே ஊர்க் காரியம் பெண்களுக்குச் சம்பந்தமில்லாததென்று சொல்லுகிறவர்கள், சாக்கடையும் தண்ணீரும் குப்பையும் கொசுவும் யாருக்குச் சம்பந்தமென்று சொல்ல வேண்டும்.

சட்டப்படிப் பார்த்தால் கதவுகள் எல்லாம் திறந்தாயிற்று. 1996 தேர்தல் முதல் உள்ளூர் ஸ்தாபனங்களில் மூன்றிலொரு பங்கு இடம், 2016-இல் செய்த திருத்தத்தால் சரிபாதி இடம் பெண்களுக்கு. சென்னைக்கு 2022-இல் வந்த மேயரும் பெண், அதுவும் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பெண். இருந்தாலும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடப்பதென்ன? சுவரொட்டியில் அம்மையாரின் படம் சிறியது, அவருடைய புருஷரின் படம் பெரியது. கவுன்சிலருக்குப் போன் செய்தால் எடுப்பது "கவுன்சிலர் வீட்டுக்காரர்". கையெழுத்து அம்மையாருடையது, உத்தரவு ஐயாவுடையது. 1951-இல் பெயர் சொல்லமாட்டேனென்று ஓட்டை இழந்த பெண்ணுக்கும், 2022-இல் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நாற்காலியைப் புருஷனிடம் விட்ட பெண்ணுக்கும் என்ன வித்தியாசமென்று நமக்கு விளங்கவில்லை. இதற்குக் காரணம் பெண்களுக்குத் திறமையில்லாததல்ல. நாற்காலிக்குப் போகுமுன் பேசிப் பழக, கணக்குப் பார்த்துப் பழக, எதிர்த்துக் கேட்டுப் பழக ஓர் இடமில்லாததே காரணம். முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைக்குள் தனியாய் நின்றாலும், வெளியே ஒரு சங்கம் நின்றது. இன்றைய அம்மையாருக்கு வெளியே நிற்பது அவருடைய புருஷரின் மோட்டார் வண்டி மாத்திரம்.

ஆகவே ஆதம்பாக்கத்தில் மாதர் சங்கம் வேண்டும், அவசியம் வேண்டும். கூடுமிடம் கோவில் மண்டபமாயிருக்கக் கூடாது. மண்டபத்தில் கூடினால் தீட்டென்று மாதத்தில் சில நாள் சிலரை நிறுத்துவார்கள், மதத்தின் பேரால் முஸ்லிம் கிறிஸ்தவப் பெண்களை எப்போதும் நிறுத்துவார்கள். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து அறை ஒன்று விடுமுறை நாளில் காலியாய்த்தான் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். நடவடிக்கையெல்லாம் தமிழில் எழுதவேண்டும். வீட்டுக்காரியும் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும் ஒரே சந்தா கட்டி, ஒரே வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும். இது முடியாதென்றால் சங்கத்தை ஆரம்பிக்காமலே இருந்துவிடலாம். முதல் கூட்டத்தில், வார்டுக்குச் சென்ற வருஷம் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எதற்குச் செலவழித்தார்களென்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு எழுதட்டும். அந்தச் சட்டம் வந்ததும் 2005-இல்தான். மனுவுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் செலவில்லை. கோலப் போட்டியின் கலர்ப் பொடிக்கு இதைவிட அதிகமாகிறது.

நேரத்தையும் யோசித்து வைக்க வேண்டும். பழைய சங்கங்களெல்லாம் மத்தியானத்தில் கூடின. மத்தியானம் ஓய்வுள்ள பெண்கள்தான் அவைகளுக்கு வந்தார்கள். ஆதம்பாக்கத்துப் பெண்களில் கிண்டித் தொழிற்பேட்டைக்கும், துணிக்கடைக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கும் போகிறவர்கள் அனேகர். காலையில் போய் இருட்டியபின் வருகிறவர்கள். அவர்களுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அதிலும் துவைப்பது, மாவரைப்பது, வீடு கழுவுவதென்று பகல் போய்விடுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிதான் தோதான நேரம். அன்று இராத்திரிச் சமையலை வீட்டிலுள்ள ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.